ஒட்டோமான் பஞ்சாங்கச் சுருளைப் படிப்பது எப்படி

ஒட்டோமான் பஞ்சாங்கச் சுருள் ஒன்று கைக்குக் கிடைத்தால், அல்லது அதன் தெளிவான படம் திரையில் திறந்தால், கண் முதலில் தங்கத்தின் மேல்தான் போகும். நீலமும் பொன்னும் கலந்த தலைப்பு, சிவப்பு எழுத்து, மயிரிழை போன்ற பொன்கோடுகள். அதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டங்களுக்குப் போங்கள். இந்தச் சுருள் ஒரு கணக்குக் கருவி. தேதி, பொழுது, தொழுகை நேரம், கிரக நிலை எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்காக எழுதப்பட்டது. அரண்மனைச் சோதிடர் சொன்ன பலன்கள்கூட இந்தக் கட்டங்களின் மேல்தான் நின்றன. கட்டம் புரிந்தால் காலம், ஊர், பயன் மூன்றும் வெளிவரும். தங்கம் கடைசியில்.

முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்

இரண்டு வகைகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே தொடக்கத்தில் வரும் பெரிய தவறு.

ருஸ்நாமே என்பது நிரந்தரப் பஞ்சாங்கம். குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு உரியதல்ல. ஆண்டு எழுத்தையும் மாத எழுத்தையும் சேர்த்து எந்த ஆண்டுக்கும் கிழமை கண்டுபிடிக்கலாம். சூரிய மாதங்களின் நாள்வாரி நேரக் கட்டமும் அதில் இருக்கும். தங்க வேலை செய்த ஒல்லியான சுருள்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

தக்வீம் என்பது ஓராண்டுக்கானது. வசந்த சம இரவு நாளான நெவ்ரூஸ் தொடங்கி அடுத்த நெவ்ரூஸ் வரை, நாளுக்கொரு வரியாகக் கிரக நிலைகளும், எந்தக் காரியத்துக்கு நாள் உகந்தது, எதற்கு உகந்ததல்ல என்ற குறிப்புகளும் வரும். கூடவே 'அஹ்காம்' என்ற ஆண்டுப் பலன் பகுதி. சுல்தானுக்கும் தலைமை அமைச்சருக்கும் சமர்ப்பிக்கப்பட்டது இதுதான்.

பிரித்தறிய எளிய வழி: சந்திரன் எந்த நாளில் எந்த ராசியில் எத்தனை பாகை என்று நாள்வாரியாக எழுதியிருந்தால் அது தக்வீம். சந்திரனின் அந்த நிலை அடுத்த ஆண்டு அதே தேதியில் திரும்பாது. ஆகவே நிரந்தரப் பஞ்சாங்கத்தில் அப்படி எழுதவே முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. பல ருஸ்நாமேக்களின் தலைப்பில் ஷேய்ஹ் வெஃபா என்ற பெயர் இருக்கும். அவர் இஸ்தான்புல்லில் வாழ்ந்த சூஃபி குரு, 1491இல் காலமானார். அவர் பெயரில் வழங்கிய ருஸ்நாமே அதன்பின் பல நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டது. பெயரைப் பார்த்ததும் சுருள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது நூலின் பெயர். படியின் வயதைக் கட்டங்கள்தான் சொல்லும்.

விரிப்பது

சுருளைவிட அகலமான, சுத்தமான மேசை வேண்டும். கைகளைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். துணிக் கையுறை வேண்டாம். விரல் நுனியின் உணர்வு போய்விடும், ஓரத்தில் பெயர்ந்து நிற்கும் தங்கத் துணுக்குகளைத் துணி இழுத்துவிடும். ஒரே வீச்சில் முழுவதையும் விரிக்காமல், ஒரு முழத்துக்கும் குறைவாகத் திறந்து, பார்த்து முடித்த பகுதியை மறுமுனையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டே போங்கள். துணி சுற்றிய மெல்லிய எடைகளை எழுத்தில்லாத ஓரத்தில் மட்டும் வையுங்கள்.

காகிதம் எதிர்த்தால் வற்புறுத்தக் கூடாது. இந்தக் காகிதத்தின் மேல் 'ஆஹார்' என்ற பூச்சு இருக்கும். முட்டை வெள்ளைக்கருவைப் படிகாரத்தோடு கலக்கி, நுரையை எடுத்து, வடிகட்டிப் பூசி, ஒரு வாரத்துக்குள் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். உலர்ந்த பூச்சு காகிதத்தைப் போல வளையாது. அவசரமாக நிமிர்த்தினால் குறுக்கே மெல்லிய விரிசல்கள் ஓடும். விரிசல் விழுந்த இடத்தில் மையும் தங்கமும் சேர்ந்தே உதிரும். ஒட்டுத் துண்டுகள் சேரும் இடங்களில் ஆபத்து இரட்டிப்பு, அங்கே காகிதம் இரண்டு மடிப்புத் தடிமன்.

படம் எடுப்பதானால் ஒவ்வொரு படமும் முந்தையதில் ஐந்தில் ஒரு பங்கையாவது மீண்டும் காட்டட்டும். ஓரத்தில் அளவுகோல் வையுங்கள். நேர் ஒளியில் ஒன்று, பக்கவாட்டில் தாழ்ந்து விழும் ஒளியில் ஒன்று. இரண்டாவது படத்தில்தான் மை இல்லாமல் அழுத்திப் போட்ட வழிகாட்டிக் கோடுகளும், பின்னாளில் சுரண்டி மாற்றிய எண்களும் தெரியும்.

எண்ணெழுத்து

கட்டங்களில் எண்கள் பெரும்பாலும் எழுத்துகளாகவே இருக்கும். அப்ஜத் முறை என்பது இதுதான்: அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4, ஹே 5, வாவ் 6, ஸாய் 7, ஹா 8, தா 9, யா 10, காஃப் 20, லாம் 30, மீம் 40, நூன் 50. பாகைக்கும் நிமிடத்துக்கும் 59 வரை போதும் என்பதால் இந்தப் பதினான்கு எழுத்துகளைப் பழகினாலே பெரும்பாலான கட்டங்கள் திறந்துவிடும். பெரிய எண் வலப்பக்கம், சிறியது அதை ஒட்டி இடப்பக்கம். லாமும் ஹேயும் சேர்ந்தால் 35.

சிக்கல் எங்கே வரும் என்றால், கட்டத்தில் புள்ளிகள் வைக்க மாட்டார்கள். ஜீம் (3), ஹா (8) இரண்டுக்கும் தலை ஒன்றுதான். வழக்கத்தில் ஜீமின் வாலை வெட்டித் தலையை மட்டும் எழுதுவார்கள். ஹாவுக்கு வால் முழுதாக இருக்கும். வேகமாக எழுதும் கை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நூனும் யாவும் இன்னொரு இரட்டையர். சுழியம் ஹே எழுத்தைப் போலவே இருக்கும், பெரும்பாலும் மேலே ஒரு சிறு கோட்டோடு. சந்தேகம் வந்தால் எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் மேல் வரியையும் கீழ் வரியையும் பாருங்கள். சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகைதான் நகரும். முந்தைய நாள் 12, அடுத்த நாள் 14 என்றால் நடுவில் இருப்பது 13தான், அது 18ஆக இருக்க முடியாது.

எட்டாண்டுச் சக்கரம்

ருஸ்நாமேயின் உயிர் இதுதான். சந்திர ஆண்டுக்கு 354 நாள். எட்டு ஆண்டுகளில் மூன்றுக்கு ஒரு நாள் கூட்டினால் 8 × 354 + 3 = 2835 நாள். இதை 7ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 405 வாரங்கள். ஆகவே எட்டாண்டுக்கு ஒருமுறை மாதப் பிறப்புக் கிழமைகள் அப்படியே திரும்பும். எட்டு நிரல், பன்னிரண்டு வரி: ஆயுள் முழுவதற்கும் அந்தச் சிறு கட்டம் போதும்.

2, 5, 7ஆம் ஆண்டுகள் மிகை ஆண்டுகள். சாதாரண ஆண்டுக்குப் பிறகு கிழமை 4 தள்ளும், மிகை ஆண்டுக்குப் பிறகு 5. இதன்படி ஆண்டுகளின் எண்கள் 1, 5, 3, 7, 4, 2, 6, 4 என்று வரும். எழுத்தில் அலிஃப், ஹே, ஜீம், ஸாய், தால், பா, வாவ், தால். (இதே எழுத்து வரிசை மலாய் மக்களின் பழைய நாட்காட்டியிலும் வழங்கியது. அவ்வளவு தூரம் பயணம் செய்த கணக்கு இது.) மாதங்கள் 30, 29 என்று மாறி மாறி வருவதால் முஹர்ரம் தொடங்கி அவற்றின் எண்கள் 7, 2, 3, 5, 6, 1, 2, 4, 5, 7, 1, 3. ஆண்டு எண்ணையும் மாத எண்ணையும் கூட்டி, 7க்கு மேல் போனால் 7ஐக் கழியுங்கள். மிஞ்சுவதே அந்த மாதத்தின் முதல் நாளுக்கான எண்.

அந்த எண்ணை எந்தக் கிழமையிலிருந்து எண்ணுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தொடக்கக் கிழமையை ஊகிக்க வேண்டாம். தேதி உறுதியாகத் தெரிந்த ஒரு நாளை வைத்து நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஹிஜ்ரி 1241 முஹர்ரம் 1 என்பது 1825 ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை. முஹர்ரத்தின் எண் 7, பதினொன்றாம் மாதமான ஸில்காதேயின் எண் 1. 7க்கு அடுத்து 1 வருவதால் ஒரு படி. ஆகவே ஸில்காதே 1 புதன்கிழமை, ஸில்காதே 9 அதற்கு எட்டு நாள் கழித்து வியாழக்கிழமை. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரி என்ற பழைய காலாட்படையை ஒழித்த நாள் அதுதான்: ஹிஜ்ரி 1241 ஸில்காதே 9, அதாவது 1826 ஜூன் 15, வியாழன். வரலாறும் கட்டமும் பொருந்துகின்றன. உங்கள் சுருளில் 1241 எந்த எழுத்தின் கீழ் நிற்கிறது என்று பாருங்கள். அந்த நிரலின் முஹர்ரம் எண் செவ்வாயைக் குறிக்கும்படி எண்ணத் தொடங்கும் கிழமையை வைத்தால் மற்ற 95 கட்டங்களும் தாமே சரியாகிவிடும்.

பொருந்தவில்லை என்றால் உடனே எழுதியவரைக் குறை சொல்ல வேண்டாம். எட்டாண்டுச் சக்கரத்துக்கு ஓர் ஊனம் உண்டு. முப்பதாண்டுக் கணக்குப்படி 120 சந்திர ஆண்டுகளுக்கு 42,524 நாள். எட்டாண்டுச் சக்கரம் பதினைந்து முறை சுற்றினால் 42,525. ஒரு நாள் கூடுதல். ஆகவே 120 ஆண்டுக்கு ஒருமுறை தொடக்கக் கிழமையை ஒரு நாள் முன்னே இழுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பழைய படியை அப்படியே பார்த்து எழுதியிருந்தால் எல்லாக் கட்டமும் ஒரே சீராக ஒரு நாள் தள்ளி நிற்கும். இந்தச் சீரான பிழை படியெடுத்தவரின் கவனக்குறைவைக் காட்டும்; அதோடு மூலப்படியின் வயதையும் சொல்லும். ஆங்காங்கே ஒரு கட்டம் மட்டும் தவறினால் அது கைப்பிழை.

இன்னும் இரண்டு காரணங்களால் ஒரு நாள் வித்தியாசம் வரலாம். கட்டம் கணக்கு, நடைமுறையில் மாதம் பிறை பார்த்துத் தொடங்கியது. மேலும் நாள் சூரியன் மறையும்போது பிறக்கிறது. 'வெள்ளிக்கிழமை இரவு' என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது வியாழன் மாலைக்குப் பின் வரும் இரவு.

சூரிய மாதங்கள்: வயதைக் கண்டுபிடிக்கும் இடம்

சந்திரக் கட்டத்தை அடுத்து மார்ட் (மார்ச்), நிசான் (ஏப்ரல்), மாயிஸ் (மே) என்று சூரிய மாதங்கள் வரும். இவை ஜூலியன் நாட்காட்டிப்படி. இன்றைய தேதிக்கு மாற்ற, 1700 வசந்தத்துக்குப் பிறகான சுருளுக்கு 11 நாளும், 1800க்குப் பிறகானதற்கு 12 நாளும், 1900க்குப் பிறகானதற்கு 13 நாளும் கூட்டுங்கள்.

இரண்டு வரிகளைத் தேடிப் பிடியுங்கள். நிசான் 23இல் ஹிஸிர் நாள், முதல் தெஷ்ரீன் (அக்டோபர்) 26இல் காஸிம் நாள். ஆண்டை இரண்டாகப் பிளக்கும் நாள்கள் இவை: ஹிஸிர் முதல் காஸிம் வரை 186 நாள் கோடை, மிச்சம் 179 நாள் குளிர்காலம். கப்பல்கள் கடலுக்குப் போவதும் படைகள் புறப்படுவதும் திரும்புவதும் இந்த இரண்டு நாள்களை ஒட்டியே நடந்தன. இன்று துருக்கியில் ஹிஸிர் நாள் மே 6 என்று கொண்டாடப்படுவது 20ஆம் நூற்றாண்டின் 13 நாள் வித்தியாசத்தால். 18ஆம் நூற்றாண்டுச் சுருளில் அதே நிசான் 23 நம் மே 4 ஆகும். இதை மறந்து பழைய ஆவணத்தின் தேதியை மே 6 என்று மாற்றுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பக்கத்தில் பருவக் குறிப்புகள் இருக்கும்: எர்பயீன் என்ற நாற்பது நாள் கடுங்குளிர், ஹம்ஸீன் என்ற ஐம்பது நாள், அதற்குள்ளேயே ஜெம்ரே மூன்று. ஏழேழு நாள் இடைவெளியில் வெப்பம் முதலில் காற்றிலும், பின் நீரிலும், கடைசியில் மண்ணிலும் இறங்குவதாகக் கணக்கு. நாரை வருவதும் புயல்கள் எழுவதும் வரியோரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இவற்றை அலங்காரம் என்று தள்ளாமல் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாலுமிக்கும் விவசாயிக்கும் பயன்பட்ட பகுதி இதுவே.

வயதுக்கு இன்னொரு சான்று, சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். ஒட்டோமான் முறை சாயனம்; மேஷம் சம இரவில் தொடங்கும். விண்மீன்களை வைத்து ராசியை எண்ணும் நிராயனக் கணக்கில் பழகியவர்கள் ஏப்ரல் நடுவில் தேடினால் கிடைக்காது. ஜூலியன் நாட்காட்டி சூரியனைவிட மெதுவாக நகர்வதால் இந்த நுழைவுத் தேதி நூற்றாண்டுதோறும் முன்னே வரும். 1490ஐ ஒட்டி மார்ட் 11, 1750ஐ ஒட்டி மார்ட் 9, 1850ஐ ஒட்டி மார்ட் 8. ஒரு நாள் இப்படியும் அப்படியும் இருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம். சந்திரக் கட்டத்தின் முடிவோடு சேர்த்துப் பாருங்கள்.

நேரக் கட்டம்: ஊரைக் கண்டுபிடிக்கும் இடம்

மசூதியை ஒட்டிய நேரக்கூடமான முவக்கித்ஹானேயில் இருந்த முவக்கித் இந்தப் பகுதியைத்தான் நாள்தோறும் புரட்டினார். கால்வட்டத் துண்டாக இருக்கும் மரக் கருவியால் சூரிய உயரம் பார்த்து, இந்தக் கட்டத்தோடு ஒப்பிட்டுக் கடிகாரங்களைத் திருத்தினார்.

நேரம் சூரியன் மறைவிலிருந்து எண்ணப்படுகிறது. மறையும் கணம் 12 மணி. பிறகு இரண்டு பன்னிரண்டு மணிகள். ஆகவே நண்பகல் 12 அல்ல. அது நாளுக்கு நாள் மாறும். 41 பாகை அட்சரேகையில் உள்ள இஸ்தான்புல்லில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 14 மணி 57 நிமிடம், மிகக் குறுகியது 9 மணி 3 நிமிடம். மறைவுக்கு முன் பாதிப் பகலைக் கழித்தால் நண்பகல் கிடைக்கும்: ஜூன் கதிர்த்திருப்பத்தில் 4:32 அளவில், சம இரவில் 6:00, டிசம்பரில் 7:28 அளவில். உங்கள் சுருளின் நண்பகல் நிரலில் மிகச் சிறிய எண்ணும் மிகப் பெரிய எண்ணும் இவற்றுக்குச் சில நிமிடங்கள் அருகில் இருந்தால் அது இஸ்தான்புல்லுக்கு எழுதியது. கெய்ரோவுக்கு எழுதியிருந்தால் நீண்ட பகல் 14 மணியைத் தொடாது, 13 மணி 56 நிமிடத்தோடு நிற்கும்.

சில சுருள்களில் மணிக்குப் பதில் பாகை இருக்கும். ஒரு பாகை 4 நிமிடம். இஸ்தான்புல்லின் நீண்ட பகல் 224 பாகை, குறுகியது 136 பாகை. 224, 136 என்று எண்கள் ஏறி இறங்கினால் மணி எங்கே என்று குழம்ப வேண்டாம், 15ஆல் வகுத்தால் போதும்.

அஸ்ர் என்ற பிற்பகல் தொழுகைக்கு இரண்டு நிரல்கள் வரலாம். நண்பகல் நிழலோடு பொருளின் உயரம் ஒருமடங்கு சேரும் நேரம் முதலாவது, இருமடங்கு சேரும் நேரம் இரண்டாவது. கிப்லா நேரம் என்று தனி நிரலும் இருக்கக்கூடும்: சூரியன் சரியாக மக்காவின் திசையில் நிற்கும் கணம். இஸ்தான்புல்லிலிருந்து மக்கா தென்கிழக்கில் இருப்பதால் அந்த நேரம் எப்போதும் நண்பகலுக்கு முன்தான் வரவேண்டும். பின்னால் வந்தால் நிரல்களை நீங்கள் இடம் மாற்றிப் படிக்கிறீர்கள் என்று பொருள்.

தக்வீமும் அரண்மனைச் சோதிடரும்

இனி ஓராண்டுப் பஞ்சாங்கம். இதைத் தயாரித்தவர் முனெஜ்ஜிம்பாஷி, அதாவது தலைமைச் சோதிடர். உலமா என்ற மார்க்க அறிஞர் வகுப்பைச் சேர்ந்தவர், தலைமை மருத்துவரின் ஆளுகைக்குள் இருந்த பதவி, கீழே இரண்டாம் சோதிடரும் எழுத்தர்களும். 1924இல் பதவி ஒழிக்கப்படும்வரை 37 பேர் அதில் இருந்தார்கள். ஆண்டுதோறும் நெவ்ரூஸுக்கு முன் தக்வீம், ரமலானுக்கு முன் நோன்பு நேர அட்டவணை, அரச குழந்தை பிறந்தால் ஜாதகம், பெருங்காரியங்களுக்கு நல்ல நேரம்: இவையே வேலை. வானியல் கணக்கும் பலன் சொல்வதும் ஒரே மேசையில் நடந்தன. 1571 முதல் இந்தப் பதவியில் இருந்த தகியுத்தீன், பழைய அட்டவணைகளைத் திருத்துவதற்காகவே சுல்தான் மூன்றாம் முராதிடம் கேட்டு இஸ்தான்புல்லில் வானாய்வகம் கட்டினார். 1577இன் வால்வெள்ளியை அங்கிருந்தே பார்த்தார்கள். 1580 ஜனவரியில் சுல்தானின் ஆணைப்படி அது இடிக்கப்பட்டது. அரசியலில் தலையிட்ட ஹுசெயின் எஃபெந்தி என்ற தலைமைச் சோதிடர் 1650இல் உயிரையே இழந்தார்.

தக்வீமின் நாள்வரியைப் படிக்க மூன்று திறவுகோல்கள் வேண்டும்.

ராசிக்கு எண் உண்டு, மேஷம் சுழியம். ரிஷபம் 1, அப்படியே மீனம் 11. மேஷத்தை 1 என்று எடுத்தால் எல்லாமே ஒரு ராசி தள்ளிப்போகும்.

கிரகத்துக்கு அதன் அரபுப் பெயரின் கடைசி எழுத்து குறி. சனி ஸுஹல், ஆகவே லாம். வியாழன் முஷ்தரீ, யா. செவ்வாய் மிர்ரீக், கா. சூரியன் ஷம்ஸ், சீன். வெள்ளி ஸுஹ்ரா, ஹே. புதன் உதாரித், தால். சந்திரன் கமர், ரா.

பார்வைகளுக்கும் அதே வழக்கம்: சேர்க்கை கிரான், நூன்; 60 பாகை தஸ்தீஸ், சீன்; 90 பாகை தர்பீ, அயின்; எதிர்நிலை முகாபலா, லாம்-ஹே. சூரியனுக்கும் 60 பாகைக்கும் ஒரே சீன் வருவதைக் கவனியுங்கள். கிரக நிரலில் இருந்தால் சூரியன், பார்வை நிரலில் இருந்தால் 60 பாகை. நிரலின் தலைப்பைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் இங்கே தடுமாறுவது நிச்சயம்.

நாள்வரியின் கடைசியில் சிவப்பும் கறுப்பும் கலந்த சிறு குறிப்புகள்: பயணம், புத்தாடை, குருதி வாங்குதல், பெரியோரைக் காணுதல் என்று. இவற்றைத் தனியாக மொழிபெயர்த்துப் பட்டியல் போடுவதில் பயன் குறைவு. அதே வரியில் சந்திரன் எங்கே, யாரைப் பார்க்கிறது என்று சேர்த்துப் படித்தால் காரணம் தெரியும். சந்திரன் விருச்சிகத்தில் இருக்கும் நாள்களில் 'தொடங்காதே' என்ற குறிப்பு அடிக்கடி வரும். 'கமர் தெர்-அக்ரெப்' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. சனி, செவ்வாயோடு சந்திரனுக்கு 90 பாகையோ எதிர்நிலையோ வந்தாலும் அப்படியே. வியாழன், வெள்ளியோடு 60 அல்லது 120 பாகை என்றால் உகந்த நாள்.

அரண்மனையிலிருந்து நல்ல நேரம் கேட்டு ஆணை வந்தால், சோதிடர் இதே வரிகளில் தொடங்கித்தான் வேலை செய்தார். கேட்கப்பட்ட வாரங்களில் சந்திரன் கெட்டிருக்கும் நாள்களை அடித்துவிடுவார். மிஞ்சிய நாள்களில் காரியத்துக்கு ஏற்ற லக்னம் எழும் பொழுதைத் தேடுவார். அந்தக் கணத்துக்கு 'ஸாயிச்சே' என்ற பன்னிரண்டு வீட்டுக் கட்டம் போட்டு, மணியும் நிமிடமும் எழுதி அனுப்புவார். அரியணையேற்றம், படைப் புறப்பாடு, கப்பலைக் கடலில் இறக்குவது, திருமணம் எல்லாவற்றுக்கும் இதே வழி. எழுதிய நேரம் மறைவிலிருந்து எண்ணிய மணி என்பதை மறந்தால் கட்டத்தின் லக்னம் பொருந்தாது. முதலில் அந்த நாளின் சூரிய மறைவைக் கணக்கிட்டுக் கூட்டுங்கள், பிறகு லக்னத்தைச் சரிபாருங்கள்.

அஹ்காம் பகுதி, சூரியன் மேஷத்தில் நுழையும் கணத்துக்குப் போட்ட கட்டத்திலிருந்து பிறக்கிறது. சுல்தான், அமைச்சர்கள், உலமா, படைவீரர், வணிகர், விவசாயி, பெண்கள் என்று வகுப்புவாரியாகப் பலன். அதிகாரம் எதைக் கேட்க விரும்பியது, எதற்கு அஞ்சியது என்பது இங்கே தெரியும். விலைவாசி, நோய், எல்லைக் கலகம் பற்றிய வரிகளைத் தனியே குறித்து, அதே ஆண்டின் நடப்போடு ஒப்பிடுங்கள். இரண்டாம் முராத் காலத்து 1440களின் தக்வீம்களில் இன்னொரு புதையலும் உண்டு: இன்ன போர் நடந்து இத்தனை ஆண்டு, இன்ன நகரைப் பிடித்து இத்தனை ஆண்டு என்ற பின்னோக்கிய பட்டியல். ஒட்டோமான் அரசின் ஆரம்ப கால வரலாற்றுக்கு மிகப் பழைய சான்றுகளுள் அவை சேரும்.

கிரக நிலைகளை இன்றைய கணினிக் கணக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வரும். திருத்திவிடாதீர்கள். 1800 வரை தக்வீம்கள் சமர்கந்தில் உலுக் பேக் செய்த அட்டவணைகளை வைத்தே கணக்கிடப்பட்டன. அதன்பின் வானியலாளர் காசினியின் பிரெஞ்சு அட்டவணைகள் வந்தன. அவற்றை இஸ்மாயில் சினாரி 1772இல் மொழிபெயர்த்திருந்தார். எந்தக் கிரகம் எத்தனை பாகை விலகுகிறது என்று குறித்து வைத்தால், சோதிடரின் மேசையில் எந்த அட்டவணை இருந்தது என்பது அந்த விலகலிலிருந்தே தெரியும்.

இப்போது தங்கம்

தங்க இலையை ஒவ்வொன்றாகப் பீங்கான் தட்டில் போட்டு, கருவேலம் பிசின் நீரிலோ தேனிலோ விரலால் மணிக்கணக்கில் அரைத்து, நீரில் கழுவி அடியில் தங்கவிடுவார்கள். பிறகு மெல்லிய எலும்புப் பசை நீரில் கலந்து பூசி, அகேட் கல்லால் தேய்ப்பார்கள். பசை குறைந்தால் தங்கம் விரலில் ஒட்டிக்கொண்டு வரும், கூடினால் எவ்வளவு தேய்த்தாலும் மங்கியே இருக்கும். சுருளில் ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தால் அழுக்கு என்று துடைக்கப் போகாதீர்கள். அது பசை கூடிய கலவையாக இருக்கலாம், அல்லது வேண்டுமென்றே மெருகிடாமல் விட்டதாக இருக்கலாம்.

வேலையின் வரிசையைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் காணலாம். மெல்லிய வழிகாட்டிக் கோடு முதலில், எண்கள் அடுத்து, பொன்கோடு அதன்பின். எழுத்தின் வால் பொன்கோட்டைத் தொடும் இடத்தைத் தேடுங்கள்: தங்கம் மையின் மேல் ஏறியிருந்தால் வரிசை இயல்பானது. பொன்கோட்டின் இரு ஓரத்திலும் மயிரிழைக் கறுப்புக் கோடு இருக்கும். அது கட்டத்தின் நான்கு மூலைகளிலும் சந்திக்கும் விதத்தைப் பார்த்தால் கையின் தரம் தெரிந்துவிடும். பச்சை பூசிய இடத்தில் காகிதம் பழுப்பேறி ஒடிந்திருந்தால் அது செம்புப் பச்சை, காகிதத்தை அரிக்கும் நிறம். அந்தப் பகுதியை மீண்டும் மீண்டும் சுருட்டி விரிக்கக் கூடாது.

சந்தைக்கு வரும் சுருள்களில் போலிகளும் உண்டு. பெரும்பாலும் காகிதமும் கட்டமும் பழையவைதான், மேலே தீட்டிய ஓவியம் புதியது. சாதாரண ருஸ்நாமேயில் மனித உருவங்கள் வழக்கமில்லை. தொலைநோக்கி பிடித்த சோதிடர்களும் வண்ண ராசிச் சக்கரமும் வெற்று ஓரத்தில் நிறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய தங்கம் காகிதம் விரிசல் விட்ட இடத்தில் கூடவே விரிசல் விட்டிருக்கும். விரிசலுக்குள் தங்கம் வழிந்து நிரம்பியிருந்தால் அது விரிசலுக்குப் பின் பூசியது. பொன்னிறம் ஓரங்களில் பழுப்பாகவோ பச்சையாகவோ மாறியிருந்தால் வெண்கலத் தூள்; தங்கம் அப்படி மாறாது. கட்டமே புதிதாக எழுதிய போலி என்றால் நண்பகல் நிரல் காட்டிக்கொடுக்கும். எண்கள் ஜூனில் 4:32க்கு இறங்கி டிசம்பரில் 7:28க்கு ஏறாமல் ஏதோ ஓர் ஒழுங்கில் நிரப்பப்பட்டிருக்கும். ஆகவே விலை பேசுவதற்கு முன் அந்த நிரலின் பன்னிரண்டு எண்களை, மாதத்துக்கு ஒன்றாக, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.